புளித்த வாடை வந்த லூக் பிரகோப் மூட்டை

லூக் பிரகோப் (ஆவியில் சூடாக்கி உடம்பில் ஒத்தடம் கொடுக்கும் தாய்லாந்து மூலிகை மூட்டை) ஒருமுறை பயன்படுத்தியபின் புளித்த வாடை வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்கிப் போட்டுவிடுங்கள். புளித்த மூட்டையை மறுபடி ஆவியில் வைத்தாலும் சரியாகாது.

பாங்காக்கில் வாங்கியது காய்ந்த மூலிகைதான், ஆனால் ஒருமுறை நனைத்து ஆவி காட்டிய பிறகு அது பச்சை மூலிகை மாதிரி. முதல் ஒத்தடம் முடிந்ததும் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த மூட்டையை ஒத்தடம் முடிந்ததும் நன்றாக ஆறவிட்டு, காற்றாட வைத்து, அப்புறம் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள்: பிலாய் கிழங்கு (இஞ்சிக்குச் சொந்தம்), எலுமிச்சைப்புல், கற்பூரம் எல்லாம் கலந்த மணம் போய், மஞ்சள் நிறமும் வெளுத்திருந்தால் வாடை இல்லாவிட்டாலும் அது வெறும் சூடான துணிதான்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கால் மரத்துப்போயிருந்தால் அங்கே வைக்கவே வேண்டாம். சுடுவது அவருக்குத் தெரியாது.