கைப்பேசி பைபிளில் காணாமல் போன வசனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பில் தனியாக வெட்டி அனுப்பப்பட்ட ஏதோ ஒரு வசனத்திலிருந்து பிறந்தவை. சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு இரண்டே வரியிலும் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமே இவ்வகைப் பிசாசு புறப்பட்டுப்போகும் என்கிற மத்தேயு 17:21-ஐ ஜெபக்கூட்டத்தில் வாசிக்கச் சொன்னார்கள். என் கைப்பேசியில் உள்ள புதிய மொழிபெயர்ப்பில் 20-க்கு அப்புறம் 22 வருகிறது. உபவாசம் பிடிக்காதவர்கள் அந்த வசனத்தை நீக்கிவிட்டார்கள் என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, உண்மையா ஐயா?
– ஒரு சகோதரி, நாகர்கோவில்

யாரும் திருடவில்லை, சகோதரி. அச்சு வருவதற்கு முன்னால் ஆயிரத்து நானூறு வருஷம் வேதாகமத்தைக் கையால்தான் எழுதினார்கள். எழுதுகிறவருக்கு நான்கு சுவிசேஷமும் மனப்பாடம். மத்தேயுவை எழுதும்போது மாற்கு நினைவுக்கு வரும், கை தானாக அதையும் சேர்த்து எழுதிவிடும். பிசாசு பிடித்த பையனின் கதை மாற்கு 9-லும் இருக்கிறது. அங்கே 29-ஆம் வசனத்தில் இயேசு ஜெபத்தைப் பற்றிச் சொல்கிறார். அந்த வாக்கியம்தான் மத்தேயுவுக்கும் வந்து சேர்ந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பெரிய சுவடிகள் இரண்டு: சீனாய் சுவடி, வத்திக்கான் சுவடி. இரண்டும் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரண்டிலும் மத்தேயு 17:21 முதலில் எழுதப்படவில்லை. சீனாய் சுவடியில் பின்னால் திருத்தியவர் ஒருவர் அதைச் சேர்த்திருக்கிறார். மாற்கு 9:29-இல்கூட இவ்விரண்டிலும் முதலில் எழுதியவர் 'ஜெபம்' என்று மட்டும்தான் எழுதினார். 'உபவாசம்' பிறகு வந்தது.

அப்படியானால் எண் ஏன் தாவுகிறது? 1516-இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அவர் கையில் இருந்தவை பிற்காலத்துப் பிரதிகள் சிலதான். அவற்றில் இந்த வசனம் இருந்தது. 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் ஜெனீவாவில் தம் பதிப்புக்கு வசன எண் போட்டார். அந்த எண்களைத்தான் இன்று வரை உலகமே பயன்படுத்துகிறது. நாம் வீட்டில் வைத்திருக்கும் பழைய திருப்புதல் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பு) அந்த அச்சுப் பாரம்பரியத்தைப் பின்பற்றியது. பழைய சுவடிகள் அறிஞர்கள் கைக்கு முழுமையாக எட்டியதோ 19-ஆம் நூற்றாண்டில்தான். அவற்றைப் பார்த்து மொழிபெயர்த்தவர்கள் வசனத்தை அடிக்குறிப்புக்கு நகர்த்தினார்கள். எண்ணை மாற்றினால் குழப்பம் வரும் என்பதால் இடம் காலியாக நிற்கிறது. அப்போஸ்தலர் 8:37-க்கும் இதே கதைதான். உங்கள் செயலியில் அந்த இடத்தைத் தட்டிப் பாருங்கள், பல செயலிகளில் அடிக்குறிப்பு திறக்கும்.

உபவாசத்துக்கு இதனால் ஒரு ஆபத்தும் இல்லை. "நீங்கள் உபவாசிக்கும்போது" என்று மலைப்பிரசங்கத்திலேயே இயேசு பேசுகிறார் (மத்தேயு 6:16). அந்தியோகியா சபை உபவாசித்து ஜெபித்துத்தான் பவுலையும் பர்னபாவையும் அனுப்பியது. அதை நீக்க நினைத்தவர்கள் இவற்றையெல்லாம் விட்டுவைத்தது விந்தைதான்!

புத்தாண்டு ஆராதனையில் வருஷத்துக்கென்று எடுக்கிற வசன அட்டையில் எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்தமாக வந்தது. வருஷம் முடியப்போகிறது, மகனுக்கு இன்னும் வேலை அமையவில்லை. என் விசுவாசக் குறைவா?
– ஒரு தாயார், தூத்துக்குடி

இல்லை அம்மா. முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ஒரு கூட்டத்தைப் பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துப் போனான். அவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது அது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி முந்தின அதிகாரத்தில் சொல்லியிருந்தான். அதைக் கேட்ட ஜனங்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். அதற்கு அடுத்து வருவதுதான் உங்கள் 11-ஆம் வசனத்தின் "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்". அதை முதலில் கேட்டவர்களில் பலர் பாபிலோனிலேயே கண்ணை மூடியிருப்பார்கள். அதனால் வாக்கு பொய்யாகவில்லை. அது ஒரு ஜனத்துக்கு, நீண்ட காலத்துக்குச் சொன்ன வாக்கு. டிசம்பர் 31-க்குள் முடியவேண்டிய ஒப்பந்தமாக அட்டையில் அச்சடித்தது நாம்தான்.

அட்டை எடுக்கும் வழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன், ஒரு வசனமாவது வருஷம் முழுக்க மனதில் நிற்கிறதே. ஆனால் எடுத்த அன்று இரவே அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடுங்கள். மகனுக்காக ஜெபிப்பதை விடாதீர்கள், வேலைக்கு விண்ணப்பம் போடுவதை அவரும் விடவேண்டாம்.

விநாயகர் சதுர்த்திக்குப் பக்கத்து வீட்டு அக்கா கொழுக்கட்டை கொடுத்தார்கள். வாங்கலாமா? அம்மா வாங்கக்கூடாது என்கிறார், மனைவி வாங்கினால் என்ன என்கிறாள்.
– ஒரு வாசகர், சென்னை

தம்பி, வீட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறீர்கள்! கொரிந்து சபையிலும் இதே சண்டைதான். அங்கே கோவிலில் பலியிட்ட இறைச்சி சந்தைக்கும் வந்தது. விருந்தே கோவில் வளாகத்தில் நடந்தது. அகழ்வாய்வில் அந்த விருந்து அறைகள் கிடைத்திருக்கின்றன. பவுல் 1 கொரிந்தியர் 10-இல் ஒரே விதியைச் சொல்லி முடித்துவிடாமல் இடத்துக்கு இடம் பிரித்துப் பேசுகிறார். சந்தையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு. அவிசுவாசி ஒருவர் வீட்டுக்கு அழைத்தால், போக மனமிருந்தால் போ, வைத்ததைச் சாப்பிடு. இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவர் மனச்சாட்சிக்காக விட்டுவிடு. வழிபாட்டுப் பந்தியில் மட்டும் உட்காராதே.

இதன்படி பார்த்தால் தீபாவளிக்கு வரும் முறுக்கு, அதிரசத்தை நன்றி சொல்லி வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. பிரசாதம் என்று சொல்லிக் கொடுத்தால் நிலைமை வேறு. "கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா, படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை" என்று சிரித்த முகத்தோடு சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். நம்மவர்கள் தப்பு செய்வது சொல்கிற விதத்தில்தான். வாங்கிக் குப்பையில் போடுவதும், வாசலிலேயே பிரசங்கம் ஆரம்பிப்பதும் வேண்டாம். அம்மாவின் மனச்சாட்சி இடறுமென்றால், அவர் முன்னால் சாப்பிட்டு ஜெயிக்கப் பார்க்காதீர்கள். ரோமர் 14 அதைத்தான் கேட்கிறது. கிறிஸ்துமஸ் கேக்கை அந்த அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மறக்காதீர்கள்.

தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கையில் வருவதிலா? வீட்டுக் கடன் தவணையே பாதிச் சம்பளத்தை விழுங்குகிறது. கொடுக்காவிட்டால் சாபம் என்று சபையில் மல்கியா 3-ஐக் காட்டுகிறார்கள்.
– ஒரு குடும்பத் தலைவர், கோயம்புத்தூர்

பழைய ஏற்பாட்டில் தசமபாகம் சம்பளத்தில் எடுத்ததல்ல. தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடுமாடு இவற்றில் எடுத்தது. நிலம் கிடைக்காத லேவியருக்கு அது ஜீவனம் (எண்ணாகமம் 18). லேவியரும் தங்களுக்கு வந்ததில் பத்தில் ஒன்றைக் கொடுக்கவேண்டும். உபாகமம் 14-இல் இன்னும் சுவாரஸ்யம்: குடும்பமே ஆண்டவர் சந்நிதியில் அதைச் சாப்பிட்டுச் சந்தோஷப்படவேண்டும், மூன்றாம் வருஷத்தில் அது லேவியருக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் போகவேண்டும். இந்தப் பகுதியை வைத்து நான் அதிகம் பிரசங்கம் கேட்டதில்லை.

மல்கியாவை 3-ஆம் அதிகாரத்தில் திறக்கிறவர்கள் முதல் அதிகாரத்தையும் வாசிக்கட்டும். குருட்டு ஆட்டையும் நொண்டி ஆட்டையும் பலிபீடத்துக்குக் கொண்டுவந்த ஆசாரியர்களுக்குத்தான் அங்கே முதல் அடி விழுகிறது. சாபத்தைப் பற்றியோ, கிறிஸ்து நம்மை நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்கிறது. புதிய ஏற்பாட்டுச் சபைகளுக்குப் பவுல் காணிக்கை பற்றி நீளமாக எழுதியது 2 கொரிந்தியர் 8, 9-இல், அதுவும் எருசலேமின் ஏழைகளுக்காக. விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்கிறார். இல்லாததிலிருந்து கேட்கவில்லை, இருப்பதற்குத் தக்கதாக என்கிறார். சதவீதம் எதுவும் அங்கே இல்லை.

என் கருத்தைக் கேட்டால், பத்தில் ஒன்று நல்ல பழக்கம், பலருக்கு அது தாராள மனதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. மொத்தமா நிகரமா என்பதை மனைவியோடு பேசி நீங்களே முடிவு செய்யுங்கள். தவணையைத் தவறவிட்டு, பெற்றோரின் மருந்துச் செலவை நிறுத்திக் காணிக்கை போடாதீர்கள். தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் 'கொர்பான்' (கடவுளுக்குக் காணிக்கை) என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு கண்டித்ததை மாற்கு 7-இல் பாருங்கள்.

குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர்தானா?
– ஞாயிறு பள்ளி ஆசிரியை, நாசரேத்

வேதத்தில் எண்ணிக்கை இல்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று, அதிலிருந்து வந்த கணக்கு. அவர்கள் வந்ததும் தொழுவத்துக்கு அல்ல, வீட்டுக்கு (மத்தேயு 2:11). நாடகத்தில் மூன்று பிள்ளைகளே நடிக்கட்டும், கிரீடம் மூன்றுதானே இருக்கும்.

மருமகள் கத்தோலிக்கக் குடும்பம். அவள் பைபிளில் 73 புத்தகம், எங்களுடையதில் 66. எது சரி?
– ஒரு மாமியார், திருச்சி

புதிய ஏற்பாடு இருவருக்கும் ஒன்றே, 27 புத்தகம். வித்தியாசம் தோபித்து, யூதித்து, மக்கபேயர் இரண்டு, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு என்ற ஏழில். கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் இருந்து, எபிரெய வேதத்தில் இல்லாதவை அவை. 1546-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் அவற்றை வேதம் என்று உறுதிசெய்தது. லூத்தர் 1534 பைபிளில் அவற்றைத் தனிப் பகுதியாக வைத்தார்: வேதத்துக்குச் சமமல்ல, ஆனால் வாசிக்கப் பிரயோஜனமானவை என்ற குறிப்போடு. சீர்திருத்த சபைக்காரனாக நானும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன். யோவான் 10:22-இல் இயேசு எருசலேமில் இருந்த பிரதிஷ்டைப் பண்டிகை எப்படி வந்தது என்று அறிய, மருமகளிடம் 1 மக்கபேயர் 4-ஐக் கேட்டு வாங்கி வாசியுங்கள். சண்டைக்கு அது நல்ல மருந்து.

ஜெபிக்க உட்கார்ந்தாலே ஆண்டவரைப் பற்றிக் கெட்ட வார்த்தைகள் மனதில் ஓடுகின்றன. பரிசுத்த ஆவிக்கு விரோதமான மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேனோ என்று தூக்கமே இல்லை.
– பெயர் வேண்டாம் என்றவர்

நீங்கள் அதைச் செய்யவில்லை. மாற்கு 3-ஐ எடுங்கள். எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர்கள் இயேசுவின் கிரியையைக் கண்ணால் பார்த்துவிட்டு, தெரிந்தே அதைப் பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்றார்கள். ஏன் இந்த எச்சரிப்பு என்று 30-ஆம் வசனமே காரணம் சொல்கிறது. அவர்களிடம் துளிப் பயம் இல்லை. உங்களுக்கோ பயத்தில் தூக்கம் போகிறது. இயேசுவைத் தெரியாது என்று சபித்துச் சத்தியம் பண்ணிய பேதுருவுக்கு மன்னிப்பு கிடைத்தது. முன்பு தூஷித்தவன் நான் என்று எழுதிய பவுலுக்கும் கிடைத்தது.

வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வதைப்பது எண்ணச் சுழற்சி நோயின் (OCD) அறிகுறியாக இருக்கலாம். பக்தியுள்ளவர்களுக்கு அது பக்தி விஷயத்திலேயே வருவதுண்டு. எண்ணத்தோடு மல்லுக்கட்டினால் அது கூடும். மனநல மருத்துவரைப் பாருங்கள், இதற்குச் சிகிச்சை உண்டு, பலருக்குப் பலனளிக்கிறது. அது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஜெபம் நீளமாக வேண்டாம், கர்த்தருடைய ஜெபம் ஒரு முறை போதும்.

வருஷத்தில் பைபிளை முடிக்க நினைக்கிறேன், ஒவ்வொரு முறையும் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறது.
– கல்லூரி மாணவி, வேலூர்

மொத்தம் 1,189 அதிகாரம். தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வைத்தால் வாரத்துக்கு 23. 52 வாரத்தில் முடிந்துவிடும். அந்தக் கணக்கில் ஜனவரி கடைசியில் லேவியராகமம் வரும், அங்கேதான் எல்லோரும் நிற்கிறோம். முதல் தடவை என்றால் அப்படி ஆரம்பிக்காதீர்கள். மாற்கு 16 அதிகாரம்தான், ஒரே மாலையில் வாசித்துவிடலாம். அப்புறம் லூக்கா, அப்போஸ்தலர், ஆதியாகமம், யாத்திராகமம். எபிரெயரை வாசித்த பிறகு லேவியராகமத்துக்குப் போங்கள், அந்தப் பலிகளெல்லாம் எதற்கென்று அப்போது பிடிபடும்.