வராத கடிதமும் போகாத கடிதமும்: வீட்டு மின்னஞ்சல் கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு என் முதல் பதில் ஒன்றுதான். கணினியில் உள்ள மின்னஞ்சல் செயலியை மூடிவிட்டு, உலாவியில் உங்கள் அஞ்சல் சேவையின் தளத்துக்குப் போய் நுழைந்து பாருங்கள். கடிதம் அங்கே இருந்தால் பழுது உங்கள் கணினியில். அங்கும் இல்லையென்றால் பழுது கணக்கில், அல்லது அனுப்பியவரிடம். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தவர்களால்தான் டர்பனில் என் பழுதுபார்க்கும் கடை இத்தனை ஆண்டுகள் ஓடியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தெருவில் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் என் மேசைக் கணினியில் மின்னஞ்சல் திறப்பதில்லை. 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல', 'சான்றிதழ் செல்லாது' என்று எச்சரிக்கை வருகிறது. கைப்பேசியில் ஒழுங்காக வருகிறது. ரவுட்டரைக்கூட மாற்றிவிட்டேன், ஐயா. (சாட்ஸ்வொர்த்)

ரவுட்டர் என்ன பாவம் செய்தது? அதே வைஃபையில் கைப்பேசி வேலை செய்தபோதே அது குற்றமற்றது என்று தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை எச்சரிக்கை வரும்போது திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். 2012 என்றோ 2015 என்றோ காட்டும் என்பது என் ஊகம்.

மின்சாரம் இல்லாத நேரத்திலும் கணினி மணியை மறக்காமலிருக்க, உள்ளே தாய்ப்பலகையில் பொத்தான் போன்ற ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். சுவரில் செருகியே இருக்கும்வரை குறை தெரியாது. மின்வெட்டு வந்ததும் கணினி தன் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். அஞ்சல் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2012இல் இருப்பதாக நினைக்கும் கணினிக்கு இந்த ஆண்டுச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் மறுக்கிறது.

பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. பெயரிலேயே அளவு இருக்கிறது: குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். ஏறக்குறைய நம் ஒரு ராண்ட் நாணயத்தின் அகலம். மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்குமாறு புதியதைப் பொருத்துங்கள். பிறகு தேதியைத் திருத்துங்கள். மின்வெட்டு 2023இல் வாட்டியதுபோல் இப்போது வாட்டவில்லைதான். ஆனால் அந்த ஆண்டு என் கடைக்கு வந்த 'மின்னஞ்சல் பழுது'களில் இந்தப் பொத்தான் எத்தனை முறை அகப்பட்டது என்று எண்ணவே இல்லை.

மகளின் கல்யாணப் படங்களை அனுப்பினால் போகவில்லை. இப்போது எனக்கு வருகிற அஞ்சலும் திரும்பிப் போய்விடுகிறதாம். ஜிமெயில்தான் வைத்திருக்கிறேன். (ஃபீனிக்ஸ்)

அம்மா, இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். ஜிமெயிலில் ஒரு கடிதம் 25 எம்.பி.யைத் தாண்டக்கூடாது. படங்கள் அஞ்சலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவதால், 18 எம்.பி.க்கு மேல் போகாமலிருப்பது நல்லது. கல்யாண ஆல்பத்தைக் கூகுளின் இணையச் சேமிப்பிடமான டிரைவில் ஏற்றி, அதைத் திறக்கும் இணைய முகவரியை (லிங்க்) மட்டும் அனுப்புங்கள்.

வருவது திரும்புவதற்குக் காரணம், இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. நிரம்பியிருப்பது. அது அஞ்சலுக்கு மட்டுமான இடம் அல்ல. டிரைவும் ஃபோட்டோஸும் அதையே பங்கிட்டுக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் வாட்ஸ்அப் காப்புப்பிரதியும் இப்போது அதில்தான் சேர்கிறது. ஆகவே காலை வணக்கம் சொல்லும் பூங்கொத்து வீடியோக்களை முதலில் வெளியேற்றுங்கள். ஜிமெயில் தேடல் பெட்டியின் ஓரத்தில் உள்ள மேம்பட்ட தேடலில், 10 எம்.பி.க்கு மேற்பட்டவை என்று கேட்டால் பெரிய கடிதங்கள் வரிசையாக வரும். அழித்தால் மட்டும் போதாது. குப்பைத்தொட்டியில் அவை 30 நாள் கிடக்கும். அதுவரை இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். தொட்டியையும் காலி செய்யுங்கள்.

வீட்டில் மேல்மாடி கட்டுகிறோம். ஒப்பந்தக்காரர் மூன்று மின்னஞ்சல் அனுப்பியதாகச் சொல்கிறார். ஒன்றும் வரவில்லை, ஸ்பேமிலும் இல்லை. ஆனால் 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று அவர் அனுப்பிய ஒன்று மட்டும் வந்திருக்கிறது. என் அஞ்சலில் என்ன பழுது? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பணம் அனுப்பாதீர்கள். மற்றவை பிறகு.

இது பழுது அல்ல, யாரோ உங்கள் கணக்குக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். திருடர் உள்ளே நுழைந்ததும் கடிதங்களை அழிப்பதில்லை. சத்தமில்லாமல் ஒரு வடிகட்டி விதி எழுதிவைப்பார். ஒப்பந்தக்காரரின் உண்மைக் கடிதம் வந்தால் நேரே குப்பைக்கோ காப்பகத்துக்கோ போய்விடும். அவர் பெயரில் திருடர் எழுதியது மட்டும் உங்கள் கண்ணில் படும். அந்தக் கடிதத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டால் எம் போலவே இருக்கும்.

வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். அமைப்புகளில் வடிகட்டிகள், தானாக முன்னனுப்புதல் ஆகிய இரண்டையும் திறந்து, நீங்கள் எழுதாத எதையும் நீக்குங்கள். மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். கடவுச்சொல்லோடு கைப்பேசியிலும் உறுதி கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் முன்னனுப்பும் விதி அப்படியே இருந்து, உங்கள் கடிதங்களைத் தொடர்ந்து திருடருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இது.

ஒப்பந்தக்காரரின் கணக்கு எண்ணைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல, பழைய ரசீதில் உள்ள எண்ணுக்குப் பேசுங்கள். 2019இல் ஜொஹானஸ்பர்க்கில் வீடு வாங்கிய ஒரு பெண்மணி, இதேபோல் மாற்றப்பட்ட வங்கி விவரத்தை நம்பி 55 லட்சம் ராண்ட் இழந்தார். சொத்து மாற்றத்தைக் கவனித்த சட்ட நிறுவனம் ஈடு செய்ய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. ப்ளூம்ஃபொன்டெய்ன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் அதை மாற்றிவிட்டது: ஊடுருவப்பட்டது அந்தப் பெண்மணியின் அஞ்சல் கணக்கு, சரிபார்க்கும் வழியும் அவர் கையில் இருந்தது. ஏற்கெனவே பணம் போயிருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு வங்கியின் மோசடிப் பிரிவைக் கூப்பிடுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் எண் வாங்குங்கள்.

காவடி அறிவிப்பை ஆலய உறுப்பினர்கள் 600 பேருக்கு என் சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்பினேன். பாதிப் பேருக்கு ஸ்பேமில் கிடக்கிறது. மீதிப் பேருக்குப் போகவே இல்லை. (வெருலம்)

சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் எல்லை. தாண்டினால் சில மணி நேரம் பூட்டிவிடுவார்கள். எல்லா முகவரிகளையும் 'பெறுநர்' கட்டத்தில் போட்டீர்களா? அப்படியானால் ஒருவர் முகவரியை மற்ற எல்லோரும் பார்த்திருப்பார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உள்ள நாட்டில் ஆலயச் செயலாளர் செய்யக்கூடாத காரியம். கூகுள் குழு ஒன்று தொடங்கி அதன் வழியாக அனுப்புங்கள். முருகன் படத்தை மட்டும் இணைத்து, ஒரு வரிகூட எழுதாமல் அனுப்பும் பழக்கத்தையும் விடுங்கள். ஸ்பேம் வடிகட்டிக்கு அது பிடிக்காது.

தமிழ்நாட்டு உறவினர் பல ஆண்டுகளுக்கு முன் அனுப்பிய தமிழ்க் கடிதங்கள் இப்போது புரியாத குறிகளாகத் தெரிகின்றன. எங்கள் குடும்ப வம்சாவளி அதில்தான் இருக்கிறது. (லெனேசியா)

கடிதம் அழிந்துவிடவில்லை, தவறாக வாசிக்கப்படுகிறது. தலையில் சாய்கோடு போட்ட சிறிய 'ஏ', அதை அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' என்று திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் அது இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறைத் தமிழ்தான். யூனிகோடைச் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் (கணினியின் சிறு சேமிப்பு அலகுகள்) எடுக்கும். முதல் பைட்டு எப்போதும் ஒன்றே. அதனால்தான் அந்தக் கொம்பு வைத்த எழுத்து ஓயாமல் தலைகாட்டுகிறது. தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியில் எழுத்துக் குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையை, சரிசெய்யும் கட்டளை இருக்கிறது. அதைச் சொடுக்கினால் பெரும்பாலும் தமிழ் தெரிந்துவிடும்.

அப்படி இல்லாமல் வேறு குறிகளின் குவியலாக இருந்தால் டிஸ்கி, டாப், டாம் போன்ற பழைய குறியாக்கமாக இருக்கலாம். வெறும் ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் நின்றால் பாமினி போன்ற எழுத்துரு. இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. ஒரு பத்தியை ஒட்டி, ஒவ்வொரு முறையாகத் தேர்ந்து பாருங்கள். ஒன்றில் சட்டென்று தமிழாகும். அதுவரை அந்தக் கடிதங்களை யாருக்கும் முன்னனுப்பாதீர்கள். அனுப்பும்போது பிழை நிரந்தரமாகிவிடலாம். மூலத்தைக் கோப்பாகச் சேமித்துவிட்டுப் பிறகு கை வையுங்கள்.

இணைய இணைப்பு நிறுவனத்தை மாற்றப்போகிறேன். அவர்கள் கொடுத்த முகவரியைப் பதினைந்து ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். (இசிபிங்கோ)

ஒப்பந்தம் முடிந்தால் முகவரியும் போகக்கூடும். கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே எந்த நிறுவனத்தையும் சாராத புதிய முகவரி திறந்து, பழைய கடிதங்களை அதற்கு இறக்குங்கள். வங்கி, வரி, நகராட்சி, மருத்துவக் காப்பீடு ஆகிய நான்கிலும் முகவரியை முதலில் மாற்றுங்கள். மூன்று மாதமாவது இரண்டையும் வைத்திருங்கள்.

'வரித் திரும்பத்தொகை காத்திருக்கிறது, இங்கே சொடுக்கவும்' என்று வந்திருக்கிறது. திறக்கலாமா? (டொங்காட்)

வேண்டாம். வருவாய்த் துறை உங்கள் வங்கி விவரத்தை மின்னஞ்சலில் கேட்பதில்லை. இ-ஃபைலிங் தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து நுழைந்து பாருங்கள். திரும்பத்தொகை உண்மையாக இருந்தால் அங்கே இருக்கும்.