அயர்லாந்து 1641: ஒரு குடியானவர் பறிகொடுத்தவை – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 1641 அயர்லாந்துக் கிளர்ச்சியில் புராட்டஸ்டன்ட் விவசாயிகள் எதையெல்லாம் இழந்தார்கள் என்று இன்று எப்படித் தெரிகிறது?

பதில்: அவர்களே சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார்கள். அக்டோபர் 22 இரவு அயர்லாந்தின் வட மாகாணமான அல்ஸ்டரில் ஐரிஷ் கத்தோலிக்கர்களின் கிளர்ச்சி தொடங்கியதும், அங்கே குடியேறியிருந்த ஆங்கிலேயர்கள் பலர் டப்ளினுக்கு ஓடிவந்தார்கள். டிசம்பர் 23 அன்று ஹென்றி ஜோன்ஸ் தலைமையில் எட்டுப் பாதிரியார்கள் கொண்ட ஆணையம் அமைந்தது. முதலில் அதற்குத் தந்த வேலையே கொள்ளைபோன சொத்தை எழுதுவதுதான். கொலைகளை விசாரிக்கும் பொறுப்பு 1642 ஜனவரியில்தான் சேர்ந்தது. ஏறக்குறைய 8,000 வாக்குமூலங்கள் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கின்றன.

கேள்வி: ஒரு வாக்குமூலத்தில் என்ன இருக்கும்?

பதில்: பெயர், ஊர், தொழில். அப்புறம் நேராகக் கணக்குதான். பசு, குதிரை, ஆடு என்ன பெறும், போரடிக்காமல் அடுக்கியிருந்த தானியம் எவ்வளவு, வைக்கோல், படுக்கை, பாத்திரம், உடுப்பு. அக்டோபர் கடைசி என்பதைக் கவனியுங்கள். அறுவடை வீடு வந்து சேர்ந்திருந்த நேரம். பலரிடம் உடுத்தியிருந்த துணியையும் உருவிக்கொண்டு குளிரில் விரட்டினார்கள். எழுதத் தெரியாதவர் கடைசியில் ஒரு குறி கீறியிருப்பார். அந்தக் கீறலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

கேள்வி: கடன் பாக்கியையும் நஷ்டத்தில் சேர்த்தார்களாமே?

பதில்: ஆமாம், சேர்க்கத்தான் வேண்டும். கையில் காசு புழக்கம் குறைவு. மாடு விற்றாலும் தானியம் விற்றாலும் பாதி கடன்தான். கடன்பட்டவர் கிளர்ச்சியில் சேர்ந்துவிட்டால் பணம் வராது. அவரும் புராட்டஸ்டன்டாக இருந்து கொள்ளைபோயிருந்தால், அப்போதும் வராது. இந்த இரண்டு வகையையும் பலர் பிரித்தே சொல்கிறார்கள். குத்தகையும் அப்படித்தான். இன்னும் பல ஆண்டு மீதமிருக்கும் நிலத்தில் வீடு கட்டி, வேலி போட்டிருப்பார். அந்த ஆண்டுகளின் வருமானத்துக்கும் ஒரு தொகை சொல்வார். சில பட்டியல்களில் மாட்டை விட இதுவே பெரிய தொகை.

கேள்வி: கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்களா? வாக்குமூலத் தாள்களில் பல வரிகள் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கின்றனவே?

பதில்: விலை போட்டவர் இழந்தவரே. அதனால் தொகையை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் அடித்தல்களைப் பொய்க்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். சுருக்கிப் படியெடுப்பதற்காகப் பின்னால் அடித்தவை அவை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: கொள்ளையடித்தது யார், சார்?

பதில்: பல இடங்களில் பக்கத்து ஊர்க்காரர்களே. பெயர் சொல்லியே குற்றம் சாட்டுகிறார்கள். ஆனால் 1609க்குப் பிறகு அல்ஸ்டரில் ஐரிஷ் கத்தோலிக்கர்களின் நிலத்தைப் பறித்துத்தான் இந்தக் குடியேற்றமே நடந்தது. அவர்கள் இழந்ததை இப்படி ஒவ்வொருவரிடமும் கேட்டு யாரும் எழுதவில்லை. அதை மறந்துவிட்டு இந்தத் தாள்களைப் படிப்பது நியாயமில்லை.

கேள்வி: எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: 2010 முதல் எல்லாமே இணையத்தில் இருக்கிறது. பலரும் அல்ஸ்டரில் உள்ள போர்ட்டடவுன் ஊரின் பாலத்தில் நடந்த கொலைகளைத்தான் முதலில் தேடுகிறார்கள். நீங்கள் கேவன் மாவட்டத்து விவசாயி ஒருவரின் வாக்குமூலத்தை எடுத்து, பசுவிலிருந்து கடைசிக் கடன்காரர் வரை பொறுமையாகப் படியுங்கள்.