அமெரிக்க அரசியல்வாதிகளின் இரட்டை நாக்குக்கு ஒரு நல்ல உதாரணம் சொல்ல முடியுமா? இரண்டு கட்சிகளும் ஒன்றுதானா?

கேள்வி கேட்டவர் கீழே விளக்கத்தில், "பொத்தாம்பொதுவாகத் திட்டாமல் ஒரு சம்பவத்தை எடுத்துச் சொல்லுங்கள்" என்று போட்டிருக்கிறார். சரி, ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். உச்ச நீதிமன்றத்தில் காலியான இரண்டு நாற்காலிகள். ஒன்று 2016-இல், இன்னொன்று 2020-இல்.

இரண்டும் நடந்தபோது நான் தென் கரோலினா மாநிலத்தில் கிரீன்வில் என்ற ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விசாவில் இருப்பவனுக்கு ஓட்டு கிடையாது. ஆட்டத்தில் இல்லாதவனுக்குத்தான் ஸ்கோர் நன்றாக ஞாபகம் இருக்கும் போல.

2016 பிப்ரவரி 13, சனிக்கிழமை. அன்று ராத்திரி எங்கள் ஊர் பீஸ் சென்டர் அரங்கில் குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் டிவி விவாதம். டவுன்டவுன் பக்கம் போய் மாட்டிக்கொள்ளாதே என்று ஆபீஸில் முதல்நாளே சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் செய்தி வந்தது: உச்ச நீதிமன்ற நீதிபதி அந்தோனின் ஸ்கேலியா டெக்சாஸில் ஒரு பண்ணை விடுதியில் இறந்துவிட்டார். கிட்டத்தட்ட 30 வருஷம் பழமைவாதிகளுக்குத் தூணாக இருந்தவர். ஒன்பது பேர் உட்காரும் கோர்ட்டில் அந்த ஒரு ஆள் மாறினால் தராசே சாயும். அப்போது அதிபர் ஜனநாயகக் கட்சியின் ஒபாமா, பதவிக்காலம் இன்னும் 11 மாதம் பாக்கி. ஆனால் அதிபர் போடும் நீதிபதிக்குச் சம்மதம் தர வேண்டிய மேலவையான செனட், குடியரசுக் கட்சியின் கையில்.

விவாதம் தொடங்குவதற்குள்ளாகவே செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானலின் அறிக்கை வந்துவிட்டது. அடுத்த நீதிபதி யார் என்பதில் மக்களுக்கும் ஒரு குரல் இருக்க வேண்டும், அதனால் புது அதிபர் வரும்வரை அந்த இடத்தை நிரப்பக் கூடாது என்றார். விவாத மேடையில் ஸ்கேலியாவுக்காக மௌன அஞ்சலி முடிந்ததும் முதல் கேள்வியே இதுதான். மற்றவர்கள் மரபு, அரசியல் சாசனம் என்று பேசினார்கள். டிரம்ப் மட்டும், மெக்கானலும் மற்றவர்களும் இதை நிறுத்த வேண்டும், அதற்குப் பெயர் "தாமதம், தாமதம், தாமதம்" என்றார். அந்த மேடையில் உள்ளதை உள்ளபடி சொன்னவர் அவர்தான் என்று அன்றைக்கே எனக்குப் பட்டது.

அப்புறம் ஒரு வேடிக்கை. குடியரசுக் கட்சியின் மூத்த செனட்டர் ஆரின் ஹேட்ச், ஒபாமா நினைத்தால் மெரிக் கார்லண்ட் போன்ற ஒரு நல்ல மனிதரைப் போடலாம், ஆனால் போட மாட்டார் என்று ஒரு பேட்டியில் சொல்லி வைத்தார். சில நாளிலேயே, மார்ச் 16 அன்று, ஒபாமா அதே கார்லண்டையே போட்டார்! 63 வயது, நடுநிலைக்குப் பேர்போன நீதிபதி. ஹேட்சும் அசையவில்லை, கட்சியும் அசையவில்லை. விசாரணைக் கூட்டம் இல்லை, ஓட்டெடுப்பு இல்லை. 293 நாள் கழித்து அந்த நியமனம் தானாகக் காலாவதியானது. டிரம்ப் வந்து நீல் கோர்சச்சைப் போட்டார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் எங்கள் மாநில செனட்டர் லிண்ட்சி கிரஹாம். கிரீன்வில்லுக்குப் பக்கத்திலேயே சென்ட்ரல் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அங்கே ஒரு சின்ன ஹோட்டலும் பாரும் வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியவர். 2016 மார்ச்சில் செனட் நீதிக் குழுவில் அவர் சொன்னது: "என் வார்த்தையையே எனக்கு எதிராகப் பயன்படுத்துங்கள்." குடியரசுக் கட்சி அதிபர் ஒருவர் வந்து, அவருடைய முதல் தவணையின் கடைசி வருஷத்தில் இடம் காலியானால், அடுத்த அதிபர் யாரோ அவரே நிரப்பட்டும் என்று லிண்ட்சி கிரஹாம் சொன்னான் என்று நீங்கள் எடுத்துக் காட்டலாம் என்றார். யாரும் கேட்காமலே கொடுத்த வாக்கு. அதோடு விட்டாரா? 2018 அக்டோபரில் ஒரு மேடைப் பேட்டியில், டிரம்பின் கடைசி வருஷத்தில் உட்கட்சித் தேர்தல்கள் தொடங்கிய பிறகு இடம் காலியானால் அடுத்த தேர்தல்வரை காத்திருப்போம் என்று மறுபடியும் சொன்னார். நீங்கள் சொன்னது பதிவாகிறது என்று பேட்டி எடுத்தவர் நினைவூட்டினார். "டேப்பை வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் கிரஹாம்.

மெக்கானல் இவ்வளவு வெள்ளந்தி இல்லை. 2019 மே மாதம் கென்டக்கியில் பதூக்கா என்ற ஊரில் ஒரு மதிய விருந்துக் கூட்டம். அடுத்த வருஷம் ஒரு நீதிபதி இறந்தால் என்ன செய்வீர்கள் என்று யாரோ கேட்டார்கள். கையில் இருந்த ஐஸ் டீ போன்ற ஏதோ ஒன்றை நிதானமாக ஒரு இழுப்பு இழுத்தார். உதட்டில் மெல்லச் சிரிப்பு வந்தது. "ஓ, நிரப்பிவிடுவோம்." கூட்டமும் சிரித்தது. அந்த வீடியோவை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். மாட்டிக்கொண்டோமே என்ற கூச்சம் அந்த முகத்தில் துளிகூட இல்லை.

2020 செப்டம்பர் 18 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்தார். தேர்தலுக்கு 46 நாள். டிரம்ப் பெயர் சொல்லும் ஆளுக்கு செனட்டில் ஓட்டெடுப்பு உண்டு என்று அன்று ராத்திரியே மெக்கானல் அறிவித்தார். அப்போது நீதிக் குழுவின் தலைவர் யார் என்கிறீர்கள்? கிரஹாம்தான். டிரம்ப் பெயர் சொன்ன ஏமி கோனி பாரெட்டின் விசாரணைக் கூட்டத்தை அவரே தலைமை தாங்கி நடத்திக் கொடுத்தார். அக்டோபர் 26 அன்று 52-க்கு 48 என்று பாரெட் உறுதியானார். தேர்தலுக்கு எட்டு நாள்தான் பாக்கி. முன்கூட்டியே ஓட்டுப் போடும் வசதியில் அதற்குள் சுமார் 6 கோடிப் பேர் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். குடியரசுக் கட்சியில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர் சூசன் காலின்ஸ் ஒருவர் மட்டுமே.

இதற்கு மெக்கானல் தரப்பு சொல்லும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் அதிபர் ஒரு கட்சி, செனட் இன்னொரு கட்சி. 2020-இல் இரண்டும் ஒரே கட்சி, அதனால் விதி வேறு என்பது வாதம். இதை அவர் 2016-லேயே அங்கங்கே சொல்லியும் இருந்தார். ஆனால் ஊர் காதில் விழும்படி உரக்கச் சொன்னது "மக்கள் முடிவு செய்யட்டும்" என்பதைத்தான். பொடி எழுத்து நிபந்தனையை இடம் காலியான பிறகுதான் பெரிதாக்கிக் காட்டினார்கள்.

எனக்கு இதில் ஆச்சரியமே வேறு. அதிபர் பெயர் சொல்ல வேண்டும், செனட் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான் அரசியல் சாசனத்தில் இருக்கிறது. எத்தனை நாளுக்குள், எந்த வருஷத்தில் என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. 2016-இல் "எங்களிடம் ஓட்டு இருக்கிறது, உங்கள் ஆளை விட மாட்டோம்", 2020-இல் "எங்களிடம் ஓட்டு இருக்கிறது, எங்கள் ஆளைப் போடுகிறோம்" என்று சொல்லியிருந்தால் ஒருவரும் பொய்யர் ஆகியிருக்க மாட்டார். பலத்தைப் பலம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, அதற்கு ஒரு தர்மத்தைப் போர்த்தினார்கள். நான்கு வருஷத்தில் காற்று மாறியது, போர்வை பறந்துவிட்டது.

மாமியார் உடைத்தால் மண்குடம் என்ற பழமொழி இங்கே பாதிதான் பொருந்தும். செனட்டில் மாமியாரும் மருமகளும் சில தேர்தலுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வார்கள். குடம் மட்டும் அதே குடம்.

இனி அடுத்த தரப்பு, ஜனநாயகக் கட்சி. 1992 ஜூனில், அதிபர் மூத்த புஷ் தேர்தலைச் சந்திக்கவிருந்த வருஷத்தில், இப்போது ஒரு இடம் காலியானால் நவம்பர் தேர்தல் முடியும்வரை அதிபர் யாரையும் நியமிக்கக் கூடாது என்று செனட்டில் நின்று பேசியவர் ஜோ பைடன். 2007-இல், விதிவிலக்கான சூழ்நிலை தவிர இளைய புஷ்ஷின் நியமனம் எதையும் ஏற்கக் கூடாது என்று பேசியவர் சக் ஷூமர். 2016-இல் இருவருமே, கார்லண்டுக்கு ஓட்டெடுப்பு நடத்துங்கள், "உங்கள் வேலையைச் செய்யுங்கள்" என்று செனட்டைக் கேட்ட அணியில் இருந்தார்கள். கின்ஸ்பர்க்கே 2016-இல், கடைசி வருஷத்தில் அதிபர் அதிபராக இல்லாமல் போய்விடுவதில்லை என்று சொன்னவர். 2020-இல் சாகும் தறுவாயில், புது அதிபர் வரும்வரை தன் இடத்தை நிரப்பக் கூடாது என்பதே தன் ஆசை என்று பேத்தியிடம் எழுதச் சொன்னார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதற்காக இதை மறைக்க முடியாது.

நீதிபதிகள் நியமனத்தில் 60 ஓட்டு வேண்டும் என்ற தடையின் கதையும் இதே மாதிரி. 2005-இல் குடியரசுக் கட்சி அதை நீக்கப் பார்த்தபோது செனட்டே அழிந்துவிடும் என்று அலறியது ஜனநாயகக் கட்சி. 2013 நவம்பரில் அதே கட்சியின் ஹாரி ரீட் அதை நீக்கினார், உச்ச நீதிமன்றத்தை மட்டும் விட்டுவைத்து. நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரமே வருத்தப்படுவீர்கள் என்று சாபம் விட்டார் மெக்கானல். 2017-இல் கோர்சச்சுக்காக மிச்சத் தடையையும் தூக்கி அந்தச் சாபத்தைத் தானே பலிக்கவைத்தார்.

ஆக இரண்டும் ஒன்றுதானா? பேச்சில், கிட்டத்தட்ட ஆமாம். செயலில் இல்லை என்பேன். பைடன் 1992-இல் பேசியபோது காலி இடமே கிடையாது, வெறும் வாய்தான். 2016-இல் ஒரு நாற்காலியே கைமாறியது. 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த தீர்ப்பில், அந்த உரிமையைத் தந்த 1973-ஆம் வருஷத்து ரோ தீர்ப்பைத் தூக்கி எறிய ஓட்டுப் போட்டவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்தில் இருவர் கோர்சச்சும் பாரெட்டும். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, கருக்கலைப்பை மாநிலங்களே முடிவு செய்யட்டும் என்று பேசிக்கொண்டிருந்த கிரஹாம், செப்டம்பரில் 15 வாரத்துக்கு மேல் நாடு முழுக்கத் தடை என்று மசோதா கொண்டுவந்தார். டேப்பை வைத்துக்கொள்ளச் சொன்னவர் அல்லவா.

ஆனால் செயலிலும் ஜனநாயகக் கட்சி சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். 2025 ஆகஸ்டில், தொகுதி எல்லைகளைக் குடியரசுக் கட்சி தனக்கு வாகாக வெட்டி ஒட்டுகிறது என்று டெக்சாஸ் சட்டமன்றத்தின் ஜனநாயகக் கட்சியினர் பலர் வெளிநடப்பு செய்து இல்லினாய்ஸில் போய்த் தங்கினார்கள். இல்லினாய்ஸில் எல்லைகளை வெட்டி ஒட்டியது ஜனநாயகக் கட்சி. அங்கே நாடாளுமன்றத்துக்கு 17 தொகுதி. 2024 அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸுக்கு அங்கே விழுந்த ஓட்டு சுமார் 54 சதவீதம். அவர் கட்சி கையில் இருந்த தொகுதிகள் 14! அடைக்கலம் தேடுவதற்கு வேறு மாநிலமே கிடைக்கவில்லை போலிருக்கிறது. வழக்குகளில் சிக்கிய மகனுக்கு மன்னிப்பு வழங்க மாட்டேன் என்று 2024 ஜூனில் சொல்லி டிசம்பரில் வழங்கிய பைடன் கதை உங்களுக்கே தெரியும்.

சரி, வாக்கு மாறினால் மக்கள் தண்டிக்க மாட்டார்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். 2020-இல் கிரஹாமுக்கும் தேர்தல். எதிர்த்து நின்ற ஜேமி ஹாரிசனுக்கு நாடு முழுவதிலிருந்தும் பணம் கொட்டியது, 10 கோடி டாலருக்கு மேல். டிவியைப் போட்டால் விளம்பரம், விளம்பரத்தைப் போட்டால் கிரஹாம். "என் வார்த்தையையே எனக்கு எதிராக..."

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். துணி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் வெண்டைக்காய் போடுவார். அந்த ஊரில் அது நம் ஊர் மாதிரியே சகஜம். முற்றிப்போவதற்கு முன் பறித்து ஒரு பையில் போட்டு எங்களுக்கும் கொடுப்பார். வாசலில் கிரஹாம் பலகை நட்டிருந்தார். அக்டோபரில் ஒருநாள் வேலி ஓரமாக நின்று கேட்டேவிட்டேன், அந்த வீடியோ பார்த்தீர்களா என்று.

"நூறு தடவை பார்த்தாயிற்று. இடையில் ஃபுட்பால் பார்க்கவே முடியவில்லை."

"வாக்குக் கொடுத்துவிட்டு மாறுகிறாரே, வருத்தமாக இல்லையா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அந்த இடத்தை விட்டுக்கொடுத்திருந்தால் வருத்தப்பட்டிருப்பேன்" என்றார்.

ஆபீஸில் ஒரு அம்மா எதிர் அணி. 2016-இல் தன் மேசைத் தடுப்பில் "உங்கள் வேலையைச் செய்யுங்கள்" என்று ஒரு தாள் ஒட்டியிருந்தவர், 2020-இல் மக்கள் முடிவு செய்யட்டும் என்றார். கேட்டதற்கு, "விதி போட்டது அவர்கள். போட்ட விதியைக் காப்பாற்று என்றுதான் கேட்கிறேன்" என்றார். பதில் மோசமில்லை. ஆனால் 2016-இல் அந்த விதியே அநியாயம் என்று கத்தியதும் அவர்தான். அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. நாளைக்கும் அதே காபி மெஷின் பக்கம் நிற்க வேண்டுமே.

கிரஹாம் 54 சதவீதம் வாங்கினார். ஹாரிசனுக்கு 44. வேலியோரத்தில் நான் கேட்ட பதிலைத்தான் மாநிலம் முழுக்கச் சொல்லியிருந்தார்கள்.

2021 மார்ச்சில், நான் அந்த ஊரைக் காலி செய்வதற்குச் சில மாதம் முன்னால், கார்லண்ட் பெயர் மறுபடியும் செனட்டுக்கு வந்தது. பைடன் அவரை அட்டர்னி ஜெனரலாகப் போட்டிருந்தார். இந்தத் தடவை கூட்டம் நடந்தது, ஓட்டெடுப்பும் நடந்தது. 70-க்கு 30. ஆதரித்தவர்களில் மெக்கானலும் உண்டு, கிரஹாமும் உண்டு.

பக்கத்து வீட்டுப் பெரியவர் விதை போட மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். சும்மா இருக்காமல் அவரிடம் இதைச் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நல்ல மனிதர் என்று அப்போதே சொன்னார்களே" என்றார்.