போர்ஷ் 918-க்கு வாரிசு வருமா? மிஷன் எக்ஸ் என்ன ஆயிற்று?

கேள்வி: "2023-இல் காட்டிய போர்ஷ் மிஷன் எக்ஸ் உண்மையிலேயே தயாரிப்புக்கு வருமா, இல்லை கண்காட்சியோடு சரியா? வந்தால் இந்தியாவில் ஓட்ட முடியுமா? இதையெல்லாம் ஊகித்துக்கொண்டிருப்பது வெட்டி வேலை என்கிறார்கள் வீட்டில்."

கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். நீங்கள் பொறியியல் படிக்கிற பையன் என்று எடுத்துக்கொள்கிறேன். அறைச் சுவரில் கார் படம், வாசலில் தவணை முடியாத பைக், சாப்பாட்டு நேரத்தில் "அந்தக் காரா உனக்குச் சோறு போடப் போகிறது?" என்று அப்பாவின் கேள்வி. இதில் ஒன்றிரண்டு தப்பாக இருந்தாலும் குடி முழுகிப் போகாது. என்னிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எனக்குக் கார்தான் சோறு போடுகிறது. காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கிறேன்.

முதலில் நேரடிப் பதில். 2023-இல் காட்டிய அதே முழு மின்சாரக் காராக அது வராது என்பது என் கணிப்பு. போர்ஷின் முந்தைய சூப்பர் காரான 918 ஸ்பைடருக்கு வாரிசு என்று ஒன்று வந்தால் அதன் நடுவில் ஒரு எஞ்சின் இருக்கும். கீழே வந்து "நீ 918-ஐத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: இல்லை. சந்திரனுக்குப் போகாதவனும் அமாவாசைக்கு நாள் குறிக்கிறான். அந்தக் கம்பெனியில் எனக்கு ஆளும் கிடையாது, அதன் பங்கும் என்னிடம் கிடையாது.

எதை வைத்துச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கார் விவரம் மட்டும் போதும் என்பவர்கள் கொஞ்சம் கீழே இறங்கிக்கொள்ளலாம்.

என் அப்பா கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்தார். முன் தெருவில் முகப்பு, பின் தெருவில் கொல்லை வாசல் என்று நீளும் வீடு. ஐயா காலமான பிறகு பிள்ளைகள் சென்னைக்கும் மலேசியாவுக்கும் போய்விட, ஆச்சி மட்டும் சமையலுக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். பின் தெருவைப் பார்த்த மாதிரி கார் ஷெட். அதில் தார்ப்பாய் போர்த்தி ஒரு கார். சாவி ஆச்சியின் இடுப்பில்.

பூட்டிய ஷெட் இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? முதலில் அது பிளைமவுத் என்றார்கள். பிறகு பேக்கார்ட் ஆயிற்று. நான் பள்ளிக்கூடம் முடிக்கிற நேரத்தில் அது ரோல்ஸ் ராய்ஸ் ஆகி, ஒரு சமஸ்தானத்திலிருந்து கடனுக்கு ஈடாக வந்தது என்ற வரலாறும் ஒட்டிக்கொண்டது. பள்ளத்தூர் டீக்கடையில் அதற்கு ஒரு விலை, காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற முனீஸ்வரன் கோயில் தெருவில் இன்னொரு விலை. சென்னையிலிருந்து புரோக்கர்கள் வந்து அப்பாவுக்குச் சிகரெட் பாக்கெட் நீட்டினார்கள். அவர் சிகரெட்டை வாங்கிக்கொண்டு, "வண்டியா? இருக்கலாம்" என்பார். தார்ப்பாய்க்கு அடியில் இருப்பது என்ன என்று ஊரில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அதற்கு எண்ணெய் போட்டதே அவர்தானே.

ஒருநாள் நான் கேட்டே விட்டேன்: உள்ளதைச் சொல்லித் தொலைத்தால் என்ன? அப்போதுதான் ஆச்சி அவரிடம் போட்டிருந்த உத்தரவு தெரிந்தது. "இருக்கிறது என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே. கேட்கிறவன் வீட்டை மதிப்பான்." அந்த வருடங்களில் பேத்திக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க வந்த வீட்டார் பின் தெரு வழியாக ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் முகப்புக்கு வந்தார்கள் என்று அப்பா சிரிப்பார்.

எனக்குக் காரைக் காட்டவில்லை. ஆனால் பூட்டிய கதவையும் சுவரையும் அளக்க யார் தடுப்பார்கள்? வெளிச்சுவர் ஓரமாகக் காலடி வைத்து எண்ணினேன். சுவர்க் கனத்தைக் கழித்தால் உள்ளே பதினான்கு அடிக்கு மேல் இடம் கிடையாது. பெரிய ரோல்ஸ் ராய்ஸ் அதற்குள் மூக்கை நுழைத்தால் வால் தெருவில் நிற்கும். கதவிடுக்கில் தார்ப்பாய்க்குக் கீழே தெரிந்த டயரும் ஒல்லி. சின்ன இங்கிலீஷ் வண்டி, போருக்குப் பிந்தியது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரமே என்னைப் பட்டறை வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

ஆச்சிக்குப் பிறகு பாகம் பிரித்தபோது ஷெட்டைத் திறந்தார்கள். ஆஸ்டின் ஏ40 டெவன். 1,200 சிசி, நாற்பது குதிரைத்திறன். சென்னை எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், அதாவது பிற்கால அசோக் லேலண்ட், முதலில் பாகங்களைப் பூட்டி விற்ற ஏ40 வகைதான். புரோக்கர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. அவர் கூட்டி வந்த மெக்கானிக் புது பாட்டரியைக் கொண்டுவந்து, இன்றைய வண்டி மாதிரி நெகட்டிவ் ஒயரைப் பாடியில் மாட்டப் போனார். நிறுத்தினேன். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் பாடியில் போகும். மாற்றி மாட்டிக் கொடுத்து ஸ்விட்சைத் திருப்பினேன். கதவுக்குப் பின்னால் தூணுக்குள் மடங்கிக் கிடந்த, திரும்பும் பக்கத்தைக் காட்டுகிற கைகாட்டி முனகிக்கொண்டு பாதி வெளியே வந்து நின்றது. நுனியில் இருந்த சின்னப் பல்பு எரிந்தது. விரலால் தட்டிவிட்டதும் முழுக்க நீண்டது. பங்காளிகள் அதையும் செல்போனில் படம் பிடித்துவிட்டுத்தான் விலை பேசினார்கள்.

இப்போது உங்கள் காருக்கு வருகிறேன்.

மிஷன் எக்ஸ் காட்டப்பட்டது 2023 ஜூனில், போர்ஷ் ஸ்போர்ட்ஸ் காரின் 75-ஆம் ஆண்டு விழாவை ஒட்டி. அன்றைய அறிவிப்பைத் தேடிப் படியுங்கள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே பந்தயத் தடத்தில் சாலை அனுமதி பெற்ற கார்களிலேயே வேகமானதாக இருக்கும், ஒரு கிலோ எடைக்கு ஒரு குதிரைத்திறன் இருக்கும், போர்ஷின் இன்னொரு காரான 911 ஜிடி3 ஆர்எஸ்ஸைவிட மிக அதிகமாகக் காற்று அதைத் தரையில் அழுத்தும் என்று வரிசையாகச் சொல்லியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் தலையில் ஒரு நிபந்தனை: தயாரிப்புக்கு வந்தால். எங்கள் ஆச்சி போர்ஷின் ஊரான ஸ்டுட்கார்ட்டில் பிறந்திருந்தால் விளம்பரப் பிரிவுக்கே தலைவியாக இருந்திருப்பார்.

அதனால் தார்ப்பாயை விட்டுவிட்டு ஷெட்டை அளப்போம். இந்தக் கம்பெனி ஏற்கெனவே காட்டிக் காட்டி விற்ற கம்பெனிதான். 959-ஐ 1983-இல் பிராங்க்பர்ட்டில் குரூப் பி என்ற பெயரில் காட்டியது; வாங்கியவர்கள் கைக்கு அது வந்தது 1987-இல். கரேரா ஜிடி 2000-இல் பாரிஸில் தலை காட்டி 2003-இல் தயாரிப்புக்கு வந்தது. 918 ஸ்பைடர் 2010 மார்ச்சில் ஜெனீவா, 2013 செப்டம்பரில் உற்பத்தி. மூன்று நான்கு வருட இடைவெளி. இதைக் கணக்குப் போட்டுத்தான் 2026, 2027 என்று ரசிகர்கள் தேதி குறிக்கிறார்கள். கணக்கு சரி. ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறார்கள். 918-ஐ ஜெனீவாவில் காட்டிய நாலே மாதத்தில், 2010 ஜூலையில், கம்பெனியின் மேற்பார்வைக் குழு அதைத் தயாரிக்க ஒப்புதல் கொடுத்துவிட்டது. மிஷன் எக்ஸுக்கு இரண்டு வருடம் தாண்டியும் அப்படி ஒரு அறிவிப்பு வரவில்லை. சம்பந்தத்தில் பெண் பார்த்துவிட்டு இரண்டு வருடம் பதில் சொல்லாத வீட்டை நீங்கள் என்னவென்று புரிந்துகொள்வீர்கள்?

இரண்டாவது அளவு, எஞ்சின். இவர்களுடைய சூப்பர் கார் எதுவும் வெறும் கையால் முழம் போட்டு வந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் பந்தய அறையிலிருந்து ஒரு சரக்கு வந்திருக்கிறது. கரேரா ஜிடியின் 5.7 லிட்டர் வி10, பிரான்ஸின் 24 மணி நேர லெ மான் பந்தயத்துக்கென்று தொடங்கிப் பாதியில் கைவிட்ட பந்தயக் காருடைய வழியில் வந்தது. 918-இன் 4.6 லிட்டர் வி8-க்கு மூலம் ஆர்எஸ் ஸ்பைடர் பந்தயக் கார். அதோடு இரண்டு மின்மோட்டார்களைச் சேர்த்து 887 குதிரைத்திறன் ஆக்கி, 2013-இல் நார்ட்ஷ்லைஃபேயை 6 நிமிடம் 57 வினாடியில் சுற்றினார்கள். பிறகு அதே 918 எஞ்சினின் வழியிலேயே டர்போ போட்டு 963 பந்தயக் காருக்கு எஞ்சின் செய்தார்கள். 2025 ஜூனில் அந்த 963-ஐச் சாலையில் ஓடும்படி மாற்றி, பந்தய அணி முதலாளி ரோஜர் பென்ஸ்கேக்காக ஒன்றே ஒன்று செய்து லெ மானில் காட்டினார்கள். ஆக, எஞ்சின் கையிருப்பில் இருக்கிறது, சாலைக்குக் கொண்டுவரத் தெரிகிறது. 2025 அக்டோபரில் உலக எண்டியூரன்ஸ் என்ற நீண்ட நேரப் பந்தயத் தொடரிலிருந்து அந்த வருடத்தோடு விலகுவதாகவும் அறிவித்துவிட்டார்கள். அந்தப் பொறியாளர்களில் சிலருக்காவது புது வேலை வேண்டியிருக்கும். இது என் ஊகம்தான், ஆதாரம் கேட்காதீர்கள்.

மூன்றாவது, வாங்குகிற ஆள். 2024 அக்டோபரில் ஒரே மாதத்தில் இரண்டு போட்டிக்காரர்கள் வந்தார்கள். மெக்லாரன் டபிள்யூ1, 399 கார்கள், வி8. ஃபெராரி எஃப்80, 799 கார்கள், வி6. இரண்டிலும் மின்மோட்டார் துணைக்குத்தான், எஞ்சினைக் கழற்றவில்லை. முழு மின்சார வழியில் முன்னால் போன ரிமாக் கம்பெனியின் நிறுவனர் மேட் ரிமாக்கோ, பெரும் பணக்காரர்களுக்கு மின்சார ஹைப்பர் கார் மேல் இப்போது ஆசை இல்லை என்று 2024-இல் வெளிப்படையாகவே பேசினார். அந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருந்த போர்ஷுக்கு அது காதில் விழாமல் இருக்குமா? 2025 செப்டம்பரில் போர்ஷே மின்சாரத் திட்டங்கள் சிலவற்றைத் தள்ளி வைத்து, எஞ்சின் கார்களுக்கு ஆயுளை நீட்டித்தது.

இதற்காக என்னை மின்சாரத்துக்கு எதிரி என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் காரைக்குடிக்காரன். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த சிக்ரி என்ற மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரில் இருக்கிறது. மின்வேதியியல்தான் அங்கே வேலை, லித்தியம் பாட்டரி ஆராய்ச்சி உட்பட. மிஷன் எக்ஸில் சொன்ன 900 வோல்ட் அமைப்பு சாதாரண விஷயம் இல்லை. பாட்டரியைத் தரையில் பரப்பாமல் சீட்டுக்குப் பின்னால், எஞ்சின் உட்கார்கிற இடத்தில் குவித்து வைத்ததும் நல்ல மூளை. வேலை நல்ல வேலை. பணம் கொடுக்கிறவனுக்குச் சத்தம் வேண்டும், அவ்வளவுதான்.

சத்தம் என்றதும் ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வாடகைக்குப் பெரிய பெரிய வண்டிகளை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் நுழைகிறார்கள். ஒரு மாட்டு வண்டி திரும்புகிற அளவுக்குப் போட்ட தெரு. எதிரில் இன்னொரு வண்டி வந்தால் இரண்டு பேரும் ஹாரனில் கையை வைத்துக்கொண்டு பின்னால் எடுக்காமல் நிற்பார்கள். கடைசியில் தூணில் உரசிக்கொண்டு நேராக என் பட்டறைக்கு வருவார்கள். "தம்பி, வாடகை வண்டி, கீறல் தெரியாமல் சும்மா தேய்த்து விட்டுடேன்." சும்மா! ஒரு இலைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று ஐந்து நிமிடம் முன்னால் பேசிக்கொண்டு வந்தவர்கள்தான் இவர்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். எங்காவது சொல்லத்தானே வேண்டும்.

இந்தியாவில் ஓடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கரேரா ஜிடியும் 918-உம் இடப்பக்க ஸ்டீயரிங்கோடு மட்டுமே செய்யப்பட்டவை. இங்கே புதிதாக இறக்குமதியாகும் காருக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். வாரிசும் அதே வழக்கத்தில் வந்தால் பணம் இருந்தாலும் நம்பர் பிளேட் கிடைக்காது. வலப்பக்கம் வைத்தே செய்தாலும், முழுதாக இறக்குமதியாகும் விலை உயர்ந்த காருக்கு நூறு சதவீதத்துக்கு மேல் சுங்க வரி. 918-இன் ஆரம்ப விலையே அமெரிக்காவில் 8,45,000 டாலர். மேற்கொண்டு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். மிஷன் எக்ஸ் உயரம் 1.2 மீட்டர், அகலம் 2 மீட்டர். செட்டிநாடு பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அதில் வேண்டுமானால் நீட்டி மிதிக்கலாம். அது வரைக்கும் போய்ச் சேர வழியில் இருக்கிற வேகத்தடைகளை அந்த வயிறு தாண்டாது. லாரியில்தான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

வீட்டில் வெட்டி வேலை என்றால், கம்பெனியின் ஆண்டறிக்கை படிக்கிறேன் என்று சொல்லுங்கள், பொய்யும் ஆகாது. காரைக்குடிப் பக்கம் வந்தால் பட்டறைக்கு வாருங்கள், 918-ஆ கரேரா ஜிடியா என்று சாயங்காலம் வரை சண்டை போடலாம், டீ என் செலவு. வாடகை வண்டியில் மட்டும் வர வேண்டாம்.