பழைய குட்டியானை ஃபுட் ட்ரக்: பட்டறைக்கு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி எடை மேடைக்கு போங்க

கேள்வி: சார், நானும் வீட்டுக்காரரும் ஈரோட்டுல 2013 மாடல் டாடா ஏஸ் ஃபுட் ட்ரக் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கோம். முன்னாடி இருந்தவங்க ஃபாஸ்ட் ஃபுட் போட்டாங்க, நாங்க தோசை, பணியாரம் போடப்போறோம். உள்ள ஃபுல்லா எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷீட், பின்னாடி ரெண்டு அடி நீட்டுறது, பெயின்ட் எல்லாம் சேத்து பட்டறைக்காரர் 2 லட்சத்து 80 ஆயிரம் கேக்குறார். ஆர்டிஓ வேலைய அவருக்கு தெரிஞ்ச புரோக்கர் முடிச்சு குடுப்பாராம், அதுக்கு 18 ஆயிரம் தனி. அட்வான்ஸ் குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க சகோதரி. பட்டறைக்காரர் நல்லவரா கெட்டவரான்னு எனக்கு தெரியாது, ஆனா அவர் சொன்னதுல வண்டியோட எடைய பத்தி ஒரு வார்த்தை இல்ல பாருங்க, அது ஒண்ணு போதும்.

முதல்ல வண்டிய காலியா, அடுப்பு சிலிண்டர் எல்லாம் இறக்கிட்டு, பக்கத்துல எந்த எடை மேடை இருக்கோ அங்க ஏத்தி சீட்டு வாங்குங்க. உங்க ஆர்சில லேடன் வெயிட்னு ஒரு நம்பர் இருக்கும், சரக்கு ஆளு எல்லாம் சேத்து வண்டி அதுக்கு மேல போகக்கூடாது. ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ மிச்சம் இருக்கோ அதுதான் உங்க கடை. போன வருஷம் ஒரு தம்பி இதே மாதிரி கேபின் கட்டின ஏஸ கொண்டு வந்தான், ஆர்சில 1550 கிலோ, மேடையில காலி வண்டியே 1310 காட்டுச்சு. மிச்சம் 240. ரெண்டு பேர் ஏறினா 130, நாலுக்கு ரெண்டு அடி 12 எம்எம் தோசைக்கல்லு ஒண்ணு 70 கிலோ, நிரம்பின 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் இரும்போட சேத்து 35க்கு மேல. அவ்ளோதான், மாவு வாளிக்கே இடமில்ல, தண்ணி டிரம்ம பத்தி பேச்சே வேண்டாம். அவனுக்கு ஸ்பிரிங் பட்டை ரெண்டு தடவ ஒடிஞ்சுருக்கு, ரோடு சரியில்லன்னு நெனச்சுட்டு இருந்தான்.

இதுக்கு மேல எஸ்எஸ் ஷீட் ஒட்டினா எட்டுக்கு நாலு ஷீட் ஒண்ணு 1 எம்எம் கனத்துலயே 24 கிலோ வரும். அதனால புதுசா ஒட்டுறதுக்கு முன்னாடி பழசு என்னென்ன கழட்டலாம்னு பாருங்க, பழைய வண்டில ஈரம் குடிச்ச பிளைவுட்டுதான் பாதி பாரம். அத பிரிச்சாதான் அடியில சேஸிஸ் துரு எவ்ளோன்னும் தெரியும்.

பின்னாடி ரெண்டு அடி நீட்டுறது, இது எனக்கு சுத்தமா புடிக்கல. பின் ஆக்சில்ல இருந்து வெளிய நீட்டிட்டு இருக்குற நீளம் வீல்பேஸ்ல (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல இருக்குற தூரம்) 60 சதவீதத்த தாண்டக்கூடாதுன்னு விதி, ஏஸுக்கு வீல்பேஸ் 2100 மிமீ, அப்ப 1260 மிமீதான் கணக்கு. டேப் வெச்சு இப்ப எவ்ளோ இருக்குன்னு நீங்களே அளந்து பாருங்க. கணக்குக்குள்ள வந்தாலும் தோசைக்கல்லும் சிலிண்டரும் கடைசில போய் உக்காந்தா முன்னாடி வீல் லேசாகி ஸ்டீயரிங் கைக்கு நிக்காது.

இப்ப அந்த 18 ஆயிரத்துக்கு வருவோம். புரோக்கர் என்ன பண்ணுவார்னு எனக்கு மனப்பாடம். எஃப்சி, அதாவது வண்டி ஓட தகுதியா இருக்குன்னு குடுக்குற சான்று, அத வாங்குற அன்னிக்கு அடுப்பு, மேடை எல்லாத்தையும் கழட்டி எறக்கிட்டு, சரக்கு வண்டின்னு காமிச்சு முத்திரை வாங்கிட்டு, சாயந்தரம் மறுபடி மாட்டிருவாங்க. எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி, அப்ப வருஷா வருஷம் கேஸ் பைப் ஜாயின்ட்ட கழட்டி மாட்டுறாங்கன்னு அர்த்தம். லீக் அங்கதான் ஆரம்பிக்குது. இன்னிக்கு காசு வாங்கினவர் நாளைக்கு வண்டி எரிஞ்சா போன் எடுக்க மாட்டார், இன்சூரன்ஸ்காரங்க ஆர்சில சரக்கு வண்டின்னு இருக்கு, உள்ள அடுப்பு எப்படி வந்துச்சுன்னு கேட்டு கையெடுத்து கும்பிட்டுருவாங்க. ஆர்சில இருக்குற விவரம் மாறுற மாதிரி வண்டிய மாத்தினா முன்கூட்டியே அனுமதி வாங்கணும், மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஆர்சில வாகன வகைன்னு போட்டுருக்குற எடத்துல கூட்ஸ் கேரியர்னு இல்லாம மொபைல் கேன்டீன்னு இருந்தா, முன்னாடி ஓனர் ஒழுங்கா மாத்தியிருக்கார், உங்களுக்கு பாதி தலைவலி இல்ல. எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பர் போட்டா தெரிஞ்சிரும். ஆனா மொபைல் கேன்டீன்னு இருக்கேன்னு குதிக்காதீங்க, அது அன்னிக்கு அந்த பாடிக்கு குடுத்தது. அடுப்ப எடுத்துட்டு அதே மாதிரி வேற அடுப்பு வெக்கிறீங்க, உள்ள ஷீட் மாத்துறீங்க, எடையும் அளவும் ஆர்சில இருக்குற மாதிரியே நிக்குதுன்னா பிரச்சனை இல்ல. கூரைய ஒசத்தினாலோ, நீட்டினாலோ, காலி எடை கூடினாலோ மறுபடி அனுமதி வாங்கித்தான் ஆகணும். ரெண்டு அடி நீட்டினா அந்த விதிவிலக்கு உங்களுக்கு போச்சு.

இதெல்லாம் நேர்மையா பண்ணலாம்னு போனா ஆர்டிஓ கவுன்டர்ல ஒருத்தர் மாநகராட்சிய கை காட்டுவார், மாநகராட்சில உணவு பாதுகாப்பு அதிகாரிய போய் பாருங்கம்பாங்க, அவங்க வண்டி பேப்பர் கொண்டு வாங்கன்னு திரும்ப அனுப்புவாங்க. தெருவோர வியாபாரிகளுக்கு 2014ல சட்டம் வந்தாச்சு, இன்னும் ஒரு வண்டிக்கடைக்கு எல்லாத்தையும் ஒரே எடத்துல முடிக்க வழியில்ல. ஜனங்க புரோக்கர்கிட்ட போறாங்கன்னா சும்மா போகல. இருந்தாலும் நீங்களே போங்க, ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது வாங்கி வெச்சுக்குங்க.

எஸ்எஸ் ஷீட் விஷயத்துல ஒரு ஏமாத்து நடக்குது. 304, 202ன்னு ஸ்டீல்ல ரெண்டு ரகம், துருவ நல்லா தாங்குறது 304. காந்தம் ஒட்டலைனா 304ன்னு சொல்லி காமிப்பாங்க. 202லயும் காந்தம் ஒட்டாதுங்க! புளிச்ச மாவும் உப்பும் படுற எடத்துல 202 வெல்டிங் ஓரமா மஞ்சளாகி துரு புடிக்கும். செக் பண்ண சின்ன பாட்டில்ல லிக்விட் விக்குது, ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரிய வெச்சா 202 சிவப்பாயிரும், 304 ஆகாது. மாவு படுற மேடைக்கு மட்டும் 304 போடுங்க, பில்லுலயும் 304ன்னு எழுதி வாங்குங்க, வெளிப்பக்கத்துக்கு 202 தாராளம்.

கேஸ் காத்த விட கனம், லீக் ஆனா தரையில தேங்கும். பட்டறையில அழகா இருக்கட்டும்னு கீழ இருக்குற ஓட்டை எல்லாத்தையும் சிலிக்கான் வெச்சு அடைச்சிருவாங்க, அத விடாதீங்க. சிலிண்டர் செங்குத்தா, சமைக்கிற பக்கம் அடைச்ச, வெளிய கதவு இருக்குற தனி பெட்டில நிக்கணும், அந்த பெட்டிக்கு கீழ காத்து போற மாதிரி ஓட்டை வெச்ச ஜாலி வேணும். வேலை முடிஞ்சதும் சோப்பு தண்ணி தடவி ஒவ்வொரு ஜாயின்ட்டா நீங்களே குமிழி வருதான்னு பாத்துக்குங்க. வயரிங் பழசு மொத்தமும் தூக்கிருங்க, அதுல யோசிக்க ஒண்ணுமில்ல.

பெயின்ட் கடைசி. எடை சீட்டு கைக்கு வந்ததும் அந்த நம்பர், ஆர்சில இருக்குற லேடன் வெயிட் நம்பர், பின்னாடி அளந்த மிமீ, மூணையும் எழுதி அனுப்புங்க, எந்த கல்லு எங்க உக்காரும்னு அப்புறம் பேசிக்கலாம்.