நிறுவனப் பணத்தில் தேனீ ஆய்வு: மகள் கையெழுத்திடுமுன் பார்க்க வேண்டியவை

மதிப்பிற்குரிய அம்மா,

பூச்சியியலில் முதுநிலை முடித்த உங்கள் மகளுக்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் தேனீக்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருப்பதையும், உதவித்தொகையின் பெரும்பங்கைப் பூச்சிக்கொல்லி நிறுவனம் ஒன்று தருவதால் "நாளைக்கு இவள் எழுதுவதை யார் நம்புவார்கள்?" என்று உறவினர் ஒருவர் கேட்டது உங்களைக் கலங்க வைத்திருப்பதையும் உங்கள் கடிதத்திலிருந்து அறிந்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் பணம் யாருடையது என்பதை மட்டும் வைத்து அதற்கு விடை சொல்லிவிட முடியாது. ஒப்பந்தத்தையும் படித்தாக வேண்டும்.

நிதி ஓர் ஆய்வைச் சாய்ப்பது பெரும்பாலும் பொய்க்கணக்கு எழுதி அல்ல. எந்த வகைத் தேனீயை எடுப்பது, எவ்வளவு பூச்சிமருந்து கொடுப்பது, எத்தனை நாள் கவனிப்பது என்று தொடக்கத்திலேயே எடுக்கும் முடிவுகளில்தான் சாய்வு நுழைகிறது. குளோத்தியானிடின் என்ற பூச்சிமருந்துக்காக, அதைத் தயாரிக்கும் பேயர் நிறுவனத்தின் நிதியில் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் நடத்தி, தேனீக்களுக்குப் பாதிப்பில்லை என்று 2007இல் வெளியிட்ட வயல் ஆய்வைப் பாருங்கள். மருந்திட்ட வயலும் மருந்திடாத வயலும் ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேர். இரண்டுக்கும் இடையே சுமார் 300 மீட்டர்தான். இரை தேடிக் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும் தேனீக்கு அது ஒரு தூரமே அல்ல. இரு பக்கத்துப் பெட்டிகளின் தேனீக்களும் இரண்டு வயல்களிலும் மேய்ந்துவிட்டால் வேறுபாடு எப்படித் தெரியும்? முதலில் அதை ஏற்றுக்கொண்ட அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 2010இல் அதன் மதிப்பைக் குறைத்தது. பின்னர் வயல்களுக்கிடையே பத்துக் கிலோமீட்டர் இடைவெளி விட்டு, மீண்டும் பேயரின் நிதியோடு நடத்திய ஆய்விலும் பெரிய பாதிப்பு தென்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் ஆய்வின் குறை அதன் முடிவில் இல்லை, அமைப்பில் இருந்தது.

பொதுப் பணத்தில் நடந்த ஆய்வுகளும் கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல. பிரான்சின் அவிஞ்ஞோனில் அரசு ஆய்வு நிறுவன அறிஞர்கள் தேனீக்களின் முதுகில் நுண்சில்லு ஒட்டி, சாகடிக்காத அளவு தயாமீத்தாக்சம் என்ற பூச்சிமருந்தைக் கொடுத்துத் தொலைவில் விட்டபோது, பல தேனீக்கள் கூடு திரும்பவில்லை என்று 2012இல் எழுதினார்கள். அதற்கும் அவர்கள் கொடுத்த அளவு வயலில் கிடைப்பதைவிட அதிகம் என்ற மறுப்பு எழுந்தது. அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய ஜோனதன் லண்ட்கிரென், மருந்துகளைப் பற்றிய தம் ஆய்வுகளை மேலதிகாரிகள் முடக்கப் பார்ப்பதாக 2015இல் முறையிட்டார். ஆகவே அரசுப் பணம் என்றால் அழுத்தமே இராது என்று உங்கள் உறவினர் நினைத்தால், அதுவும் சரியல்ல.

உங்கள் மகள் கவனமாகப் படிக்க வேண்டிய முன்னுதாரணம் 2017இல் வந்தது. பிரிட்டனின் சூழலியல் மற்றும் நீரியல் ஆய்வு மையம், பேயரும் சின்ஜென்டா என்ற மற்றொரு பூச்சிக்கொல்லி நிறுவனமும் தந்த பெரும் நிதியுதவியோடு பிரிட்டன், ஜெர்மனி, ஹங்கேரி ஆகிய மூன்று நாடுகளில் 33 இடங்களில், இத்தகைய மருந்துகளை விதையிலேயே பூசி விதைத்த எண்ணெய்வித்துப் பயிர் வயல்களில் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தியது. ஹங்கேரியில் குளோத்தியானிடின் இட்ட வயல்களை ஒட்டிய கூடுகளில் அடுத்த வசந்தத்தில் வேலைக்காரத் தேனீக்கள் 24 விழுக்காடு குறைந்திருந்தன. ஜெர்மனியில் அத்தகைய தீங்கு தெரியவில்லை. பணம் கொடுத்த நிறுவனங்கள் அந்த முடிவுகளின் விளக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தன. ஆனாலும் கட்டுரை வெளிவந்தது. அதை வெளியிடும் உரிமை ஆய்வாளர்களின் கையில் இருந்ததுதான் இதில் முக்கியம். அடுத்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் குளோத்தியானிடின், தயாமீத்தாக்சம் உட்பட நியோநிக்கோட்டினாய்டு என்ற வகையைச் சேர்ந்த மூன்று பூச்சிமருந்துகளைத் திறந்த வெளியில் பயன்படுத்துவதைத் தடை செய்தது.

எனவே உங்கள் மகள் கையெழுத்திடுமுன், தன் ஆய்வு வழிகாட்டிக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். சேகரிக்கும் தரவு பல்கலைக்கழகத்துக்கு உரியதா, நிறுவனத்துக்கு உரியதா? கட்டுரையை நிறுவனம் முன்கூட்டிப் படிக்கலாமா அல்லது நிறுத்தவும் முடியுமா? காப்புரிமைக்காகச் சில வாரம் காத்திருக்கச் சொல்வது வழக்கமே. "நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது" என்ற வரி இருந்தால் கையெழுத்திட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவும் அந்த வரி தடையாகலாம், அப்போது நான்கு ஆண்டு உழைப்பு வீணாகும். தரவை எப்படிக் கணக்கிடுவது என்ற பகுப்பாய்வுத் திட்டத்தை ஆய்வு தொடங்குமுன்பே எழுதிப் பதிவு செய்ய ஒப்புக்கொள்கிறார்களா என்பதையும் கேட்கட்டும். அதற்குத் தயங்கும் வழிகாட்டியிடம் நான் என் மாணவர்களை அனுப்புவதில்லை.

வேலைவாய்ப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நிறுவன நிதியில் படித்தவர் என்ற முத்திரை அரசு ஆய்வு நிலையங்களின் கதவை அடைத்துவிடும் என்ற அச்சம் மிகையானது. ஒவ்வொரு கட்டுரையிலும் நிதி ஆதாரத்தை ஒளிக்காமல் அறிவித்தால் போதும், ஒளித்து வைத்துப் பின்னர் வெளியே தெரிவதுதான் பெயரைக் கெடுக்கும். எந்தப் பூச்சிமருந்தையும் பதிவு செய்ய அதன் பாதுகாப்புச் சோதனைகளை விண்ணப்பிக்கும் நிறுவனமே தன் செலவில் செய்துகாட்ட வேண்டும் என்பது இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் நடைமுறை. ஆகவே இத்துறையில் நிறுவனப் பணத்தை முழுக்கத் தவிர்த்துவிட்டு வேலை தேடுவது கடினம். 2021 மார்ச் முதல் ஐரோப்பாவில் அத்தகைய சோதனைகளைத் தொடங்குமுன்பே ஒழுங்குமுறை அமைப்புக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டதால், பிடிக்காத முடிவை அலமாரியில் பூட்டிவைப்பது முன்போல எளிதல்ல. அந்தத் தரவைச் சரிபார்க்கப் புள்ளியியலும் நச்சியலும் தெரிந்தவர்கள் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் வேண்டும், நிறுவனங்களுக்கும் வேண்டும். முதலாண்டிலேயே புள்ளியியல் பாடம் ஒன்றைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வழிகாட்டியின் பதில் வந்ததும் ஒப்பந்த நகலோடு எனக்கு அனுப்பினால், வெளியீட்டு உரிமை பற்றிய பிரிவை நான் படித்துச் சொல்கிறேன்.